தம்பிக்காகக் கரைத்த பதினோரு கிலோ

எட்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது இது. எங்கள் கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம்கூட ஆகவில்லை. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரின் மேசைக்கு எதிரே நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, சாம்பல் நிறத்தில் தெரிந்த ஒன்றைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"இதுதாம்மா உங்க கல்லீரல். நிறைய கொழுப்பு ஏறியிருக்கு. இதுல பாதியை எடுத்து உங்க தம்பிக்கு வச்சா அவருக்கும் சரியா வேலை செய்யாது. மிச்ச பாதியை வச்சுக்கிட்டு நீங்களும் தாங்க மாட்டீங்க."

என் தம்பிக்கு அப்போது முப்பத்தாறு வயது. கச்சிராயபாளையத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்து மரவள்ளி போட்டிருந்தான். இரண்டு சின்னப் பிள்ளைகள். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தது கிடையாது. எப்போதோ உடம்பில் புகுந்த மஞ்சள் காமாலைக் கிருமி, அவனுக்கே தெரியாமல் வருடக்கணக்காகக் கல்லீரலைத் தின்றிருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் ஒருவனுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்றால் ஊர் வேறு காரணத்தை யோசிக்காது. "குடிச்சே கெடுத்துக்கினான்" என்று அவன் காதுபடவே பேசினார்கள். வயிற்றில் நீர் கட்டி, கண் மஞ்சளாகி, கை கால் குச்சியாகி, அந்தப் பேச்சையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தான். கல்லீரல் மாற்றினால்தான் பிழைப்பான் என்று சொல்லிவிட்டார்கள். அவன் மனைவியின் ரத்தம் சேரவில்லை. அப்பாவும் அம்மாவும் இல்லை. கூடப் பிறந்தவள் நான் ஒருத்தி. என் ரத்தம் சேர்ந்தது. அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை.

"வேற வழியே இல்லீங்களா டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இருக்கு. மூணு மாசத்துல பத்து கிலோ குறைச்சுட்டு வாங்க. பட்டினி கிடந்து குறைக்கக் கூடாது. உடற்பயிற்சி பண்ணி, கொழுப்பைக் கரைச்சு, சதைக்குத் தெம்பு ஏத்தி வரணும். கல்லீரல் நல்ல பிள்ளைம்மா, கவனிச்சா திருந்திடும். ஆனா உங்க தம்பிக்கு ரொம்ப நாள் அவகாசம் இல்ல."

எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. உயரம் ஐந்தடி. எடை எண்பத்து நான்கு. கள்ளக்குறிச்சியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருடமாக மெஷின் முன்னால் உட்கார்ந்தே காலம் போயிருந்தது. நாலு மணிக்கு டீ வரும், கூடவே இரண்டு போண்டா வரும். ராத்திரி மிச்சம் மீதியைத் தட்டில் போட்டு வழித்தால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். ஒரு மாடி ஏறினால் மேலே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இதெல்லாம் எனக்கு ஒரு குறையாகவே தோன்றியதில்லை. அன்றைக்குத்தான், என் தம்பிக்கும் அவன் உயிருக்கும் நடுவில் என் கொழுப்பு உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று அழுதுவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் வாயே திறக்கவில்லை. விக்கிரவாண்டி தாண்டியதும் என் வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டார். "இன்னாடி, எதுனா பேசு. பயமா கீது."

"பத்து கிலோ அரிசிச் சிப்பத்தத் தூக்கினா எவ்ளோ கனமா இருக்கும்னு நெனச்சிப் பாத்துக்கினு இருக்கேன்" என்றேன்.

மறுநாள் நான் ஜிம்முக்குப் போகிறேன் என்று சொன்னபோது அதே மனுஷருக்கு முகம் மாறிவிட்டது. "ஆம்பளப் பசங்க பனியனோட நிக்கிற எடத்துல நீ போய் இன்னா பண்ணுவ? வூட்டு மாடியிலயே நடந்தா போதாதா?" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "வயித்தக் கிழிக்கிற எடத்துக்குப் போறேன்னு சொன்னேன், அப்ப வாய தெறக்கல. ஜிம்முக்குப் போறேன்னா மட்டும் உனுக்கு மானம் போவுதா?" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ சாவியை எடுத்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

ஜிம் ஒரு மரக்கடையின் மாடியில் இருந்தது. நடத்துகிறவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்கியவர் என்று பிறகு தெரிந்தது. படி ஏறி மேலே போனதும் பேச மூச்சு வராமல், கையில் இருந்த டாக்டர் சீட்டை மட்டும் நீட்டினேன். மாஸ்டர் நாற்காலி போட்டார். சீட்டை இரண்டு தடவை படித்தார். நான் நினைத்தது என்னவென்றால், ஓடுகிற மெஷினில் ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் ஓடச் சொல்வார் என்று.

"அக்கா, நேரா சொல்லிடறேன். இங்க பசங்க கை பெருசாவணும், நெஞ்சு பெருசாவணும்னு வருவாங்க. கல்லீரலுக்குன்னு யாரும் வந்ததில்ல. எனுக்கு ரெண்டு நாள் டைம் குடுங்க. அந்த ஆஸ்பத்திரி நம்பரும் குடுங்க" என்றார்.

இரண்டாவது நாள் போனபோது ஒரு நாற்பது பக்க நோட்டு தயாராக இருந்தது. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் போனில் பேசி, என் முட்டி வலி, ரத்த அழுத்தம் எல்லாம் கேட்டு எழுதி வைத்திருந்தார். இடுப்பு, கை, தொடை அளவுகளை என்னையே எடுக்கச் சொல்லி முதல் பக்கத்தில் குறித்துக்கொண்டார். திங்கள், புதன், வெள்ளி எடை தூக்குவது. செவ்வாய், வியாழன் வேக நடை. சனிக்கிழமை முழு ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை மலை. காலையில் மூன்று முட்டை. மதியம் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரையும் எண்ணெய் இல்லாத கோழியோ மீனோ. சாயங்காலம் போண்டா இருந்த இடத்தில் கொள்ளுச் சுண்டல். டீயில் சர்க்கரை கிடையாது.

எடை தூக்குவது எதற்கு, நான் என்ன பயில்வானா என்று கேட்டேன். மாஸ்டர் பொறுமையாகச் சொன்னார். "வெறும் நடையும் பட்டினியுமா போனீங்கன்னா கொழுப்போட சேந்து சதையும் போயிடும். சதை போனா தெம்பு போயிடும். ஆபரேஷன் முடிஞ்சி எழுந்து நிக்கணும் இல்ல? சதை இருந்தா அதுவே கொழுப்பத் தின்னும். கொழுப்பு கம்மியாவணும், சதை ஜாஸ்தியாவணும். ரெண்டும் ஒண்ணா நடக்கணும்."

காலை பதினோரு மணிக்கு மேல் ஆண்கள் யாரும் வரமாட்டார்கள் என்பதால் அந்த ஒரு மணி நேரத்தை எனக்கு ஒதுக்கினார். முதல் நாள் வெறும் கையோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழச் சொன்னார். பத்து தடவை. ஆறாவது தடவையிலேயே தொடை நடுங்கியது. என் வீட்டுக்காரர் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு காவல் இருந்தார். மூன்று நாள் அப்படியே உட்கார்ந்தார். நாலாம் நாள் சும்மா இருக்காமல் ஒரு டம்பெல்லைத் தூக்கப் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டு அலறினார். அதற்குப் பிறகு என்னை இறக்கி விட்டுவிட்டுச் சவாரிக்குப் போய்விடுவார். ஆனால் தினமும் காலையில் முட்டை வேகவைத்து உரித்து என் முன்னால் வைத்தது அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மலை என்றால் கல்வராயன் மலைதான். தம்பி வீட்டிலிருந்து கோமுகி அணையைத் தாண்டினால் வெள்ளிமலைக்குப் போகிற சாலை வளைந்து வளைந்து ஏறும். முதல் ஞாயிறு முதல் வளைவோடு நின்றேன். நின்றேன் என்று சொல்வதைவிட, சாலையோரக் கட்டைச் சுவரில் விழுந்தேன் என்று சொல்லலாம். வாரத்துக்கு ஒரு வளைவு கூட்டினால் போதும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். தம்பி வீட்டில் சும்மா இருக்க மாட்டான். என் வீட்டுக்காரரின் டூ வீலரில் பின்னால் உட்கார்ந்து, வீங்கிய வயிற்றைத் துண்டால் மறைத்துக்கொண்டு, எனக்கு முன்னாடியே அந்தந்த வளைவுக்குப் போய்த் தண்ணீர் பாட்டிலோடு காத்திருப்பான்.

"யக்கா, மாட்டு வண்டியே உன்ன முந்திக்கினு போயிடுச்சி" என்று மேலேயிருந்து கத்துவான். அந்தக் குரலில் பலம் குறைந்துகொண்டே வருவது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நானும் திருப்பித் திட்டுவேன்.

ஒரு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. மெஷினில் உட்கார்ந்து எழும்போது மேசையைப் பிடிக்காமல் எழுந்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு கையிலும் ஐந்து ஐந்து கிலோ வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். இப்படியே போனால் மூன்று மாதம் எதற்கு, இரண்டே மாதம் போதும் என்று கணக்குப் போட்டேன். அங்கேதான் சறுக்கினேன்.

ஆறாவது வாரம் எடை நின்றுவிட்டது. எழுபத்தெட்டரை. மறுநாள் எழுபத்தெட்டரை. பத்து நாள் அதே எழுபத்தெட்டரை. அதே வாரம் தம்பிக்கு வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். வலி தாங்காமல் அவன் முனகியது காதிலேயே நின்றது. மாஸ்டரிடம் கேட்டால், "இது சாதாரணம் அக்கா, நிக்கும், அப்புறம் எறங்கும். நோட்டுல இருக்கிறத மட்டும் செய்ங்க" என்றார். எனக்குப் பொறுமை இல்லை. ஜாக்கெட் தைக்க வந்த ஒரு பெண்மணி பேச்சோடு பேச்சாக ஒரு பொடியைப் பற்றிச் சொன்னார். வெந்நீரில் கலந்து குடித்தால் பதினைந்தே நாளில் ஐந்து கிலோ இறங்குமாம், எல்லாம் மூலிகையாம். அடுத்த நாள் அவரே ஒரு டப்பாவைக் கொண்டுவந்தும் கொடுத்தார். டப்பாவின் மேல் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அதைக்கூட நான் யோசிக்கவில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கடையிலேயே வைத்து நாலு நாள் குடித்தேன். வயிறு கலக்கிக்கொண்டு போனது. எடை இரண்டு கிலோ இறங்கியது.

வெள்ளிக்கிழமை ஜிம்முக்குப் போனதும் நேராகத் தராசில் ஏறி நின்று, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. "நாலு நாள்ல ரெண்டு கிலோவா? இன்னா சாப்டீங்க?" என்றார். மழுப்பினேன். விடவில்லை. கடைசியில் பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"அக்கா, இவ்ளோ பாடும் கல்லீரலுக்காகத்தான படறோம்? இந்தப் பொடில எது இருந்தாலும் அத வடிகட்டப் போறது யாரு? அதே கல்லீரல்தான?"

நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மாஸ்டர் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். மறுநாள் வந்த முடிவில், கல்லீரலைப் பற்றிய எண்கள் எல்லாம் இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எகிறியிருந்தன. சென்னையிலிருந்து டாக்டரே பேசினார். நாலே நாளில் நிறுத்தியதால் தப்பித்தேன் என்றும், இன்னும் கொஞ்ச நாள் குடித்திருந்தால் கல்லீரல் கொடுக்க வந்தவளே கல்லீரலுக்கு வரிசையில் நின்றிருக்கலாம் என்றும் சொன்னார். மூன்று மாதம் கழித்து எடுக்க வேண்டிய ஸ்கேன் ஒரு மாதம் தள்ளிப் போனது.

என் அவசரத்தால் தம்பியின் நாட்களில் ஒரு மாதம் போய்விட்டது. இதை அவனிடம் யார் சொல்வது? நானேதான் சொல்ல வேண்டும். அன்றைக்கே கச்சிராயபாளையம் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவன் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தம்பி கையை ஊன்றி இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஒரு மாசம் நான் தாங்கிக்கிறேன் யக்கா. உனுக்கு எதுனா ஆச்சின்னாதான் தாங்க மாட்டேன். நான் போயிட்டா இந்தப் பசங்களப் பாத்துக்க நீ ஒருத்தி வேணும். அவசரப்பட்டு ரெண்டு பேரும் போயிடக் கூடாது" என்றான்.

அவனுக்கு முன்னால் நான் அழவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி அழுதேன். வீட்டுக்காரர் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைப்பது மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ரத்தப் பரிசோதனை சரியாக வரும்வரை ஜிம் வேண்டாம், மெதுவாக நடந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு வாரம் கழித்து எண்கள் இறங்கின. மறுபடியும் மாடி ஏறினேன். வெட்கமாக இருந்தது. மாஸ்டர் ஒன்றுமே நடக்காத மாதிரி, "டேப்பு கீதா அக்கா?" என்று கேட்டார். தையல்காரியின் கழுத்தில் டேப் இல்லாமல் இருக்குமா? எடுத்துக் கொடுத்தேன். "நீங்களே அளவு எடுங்க. மொத நாள் நோட்டுல எழுதினத பாத்து ஒத்துப் பாருங்க" என்றார்.

இடுப்பை அளந்தேன். நம்பாமல் இரண்டாவது தடவை அளந்தேன். ஐந்து அங்குலம் குறைந்திருந்தது! கை, தொடை எல்லாம் கெட்டிப்பட்டிருந்தது. எடை நின்றுபோன அந்தப் பத்து நாளிலும் கொழுப்பு போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. சதை ஏறியதால் தராசு முள் அசையவில்லை. ஊரில் இருக்கிற பெண்கள் எல்லாருக்கும் பதினெட்டு வருடமாக அளவு எடுத்தவள், முதல் நாளுக்குப் பிறகு என் இடுப்பை ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். மாஸ்டர் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நான் தராசைப் பார்ப்பதையே விட்டேன். நோட்டில் என்ன எழுதியிருந்ததோ அதை மட்டும் செய்தேன். ஐந்து கிலோ டம்பெல் ஏழரை ஆனது. தரையிலிருந்து இரும்புக் கம்பியை எடையோடு தூக்கப் பழக்கினார். முதுகை நேராக வைத்து, குதிகாலை ஊன்றி, மூச்சை அடக்கித் தூக்கி நிற்கும்போது உடம்புக்குள் ஏதோ ஒரு கதவு திறந்த மாதிரி இருக்கும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைச் சாலை முழுக்கத் தண்ணீர் வழிந்து ஓடும். தலைக்கு ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு ஏறினேன். தம்பியால் இப்போது வண்டியில் உட்கார முடியவில்லை. கட்டைச் சுவர்கள் எல்லாம் காலியாக இருந்தன. அவற்றைப் பார்க்காமல் தாண்டினேன்.

கார்த்திகை மாதம், ஸ்கேனுக்கு முந்தைய ஞாயிறு. அடிவாரத்தில் கிளம்பியவள் எங்கும் நிற்கவில்லை. வீட்டுக்காரர் டூ வீலரை முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். ஒவ்வொரு வளைவிலும், "போதும்டி, குந்து" என்பார். நான் கையை மட்டும் ஆட்டுவேன். மலை மேலே சாலை சமமாகிற இடத்தில் போய் நின்றபோது மூச்சு வாங்கியது, ஆனால் முட்டி நடுங்கவில்லை. கீழே அணைத் தண்ணீர் ஒரு தட்டு மாதிரி மின்னியது. போனில் இரண்டு கோடு சிக்னல் இருந்தது. தம்பியைக் கூப்பிட்டேன்.

"டேய், ஏறிட்டேன்டா. முழுசா ஏறிட்டேன்."

"வண்டில ஏறிப் போய்ட்டு இன்னா கதை உடற?" என்றான். என் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி, "சத்தியமா நடந்துதான்டா ஏறினா! என் வண்டிதான் சூடாயி நின்னுடுச்சி!" என்று கத்தினார். மூன்று பேரும் சிரித்தோம். அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அந்த வாரமே சென்னை. ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்த தராசில் நர்ஸ் ஏறச் சொன்னார். எழுபத்து மூன்று. பதினோரு கிலோ குறைந்திருந்தது. அன்று சாயங்காலம் டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எனக்குப் படத்தில் ஒன்றும் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இது வேற ஒருத்தரோட கல்லீரல் மாதிரி இருக்கும்மா. இதை எடுக்கலாம்" என்றார். பக்கத்தில் நின்ற இன்னொரு டாக்டரிடம், "மூணு மாசம் கேட்டோம், நடுவுல கீழே விழுந்து எழுந்து வந்திருக்காங்க" என்றார்.

மாஸ்டருக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, ஜிம்மில் இருந்தவர்களிடம் ஏதோ கத்தினார். அடுத்த நிமிடம் இரும்புத் தட்டுகளை ஒன்றோடொன்று தட்டும் சத்தமும் விசிலும் காதைப் பிளந்தன. நான் முகம்கூடப் பார்த்திராத சாயங்காலத்துப் பையன்கள் எனக்காகப் போட்ட சத்தம் அது. ஆஸ்பத்திரி வராண்டாவில், நான் முன்பு அழுத அதே இடம்தானோ என்னவோ, கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றேன்.

மார்கழியில் ஆபரேஷன் நடந்தது. செலவை அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் எடுத்துக்கொண்டார்கள். கண் விழித்தபோது வயிற்றுக்குக் குறுக்கே தீ வைத்த மாதிரி வலி. என் முதல் கேள்விக்கு நர்ஸ் குனிந்து, "உங்க தம்பிக்கு வச்ச கல்லீரல்ல ரத்தம் ஓடுதும்மா, நல்லா ஓடுது" என்றார். இரண்டாம் நாள் என்னைக் கட்டிலில் இருந்து எழுப்ப இரண்டு நர்ஸ்கள் வந்தார்கள். நான் அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் திரும்பி, காலைத் தரையில் ஊன்றி, தொடை பலத்தில் மெதுவாக எழுந்து நின்றேன். "ஏற்கெனவே பிராக்டிஸ் பண்ணீங்களா?" என்று ஒருவர் கேட்டார். அந்த மாடியில் ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்த அத்தனை தடவையும் எதற்கென்று அந்த நிமிடம் புரிந்தது.

ஆறாம் நாள், கையில் டிரிப்ஸ் கம்பியை உருட்டிக்கொண்டு தம்பி இருந்த அறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கண்! ஒன்றரை வருடமாக மஞ்சளைத் தவிர வேறு நிறம் பார்க்காத அந்தக் கண், ஓரத்தில் வெளுக்க ஆரம்பித்திருந்தது. அவன் ஒரு கையை மடக்கி, பயில்வான் மாதிரி புஜத்தைக் காட்டினான். புஜமே இல்லை, எலும்புதான். நானும் மடக்கிக் காட்டினேன். எனக்கு இருந்தது.

பொங்கலுக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எடுத்திருந்த வாடகை அறையில் என் வீட்டுக்காரர் குக்கரில் பொங்கல் வைத்தார். தம்பி இரண்டு ஸ்பூன் சாப்பிட்டான். அடுத்த வருட அறுவடையில் மரவள்ளிச் செடியைத் தானே பிடித்து இழுத்துப் பிடுங்கினான். மாத்திரை தினமும் சாப்பிட வேண்டும், மாதா மாதம் பரிசோதனை உண்டு. ஆனால் இன்றைக்கும் உழைத்துச் சாப்பிடுகிறான். ஊர்க்காரர்கள் இப்போது அவனிடம் வந்து, எங்கே போய்ப் பார்த்தாய் என்று விசாரிக்கிறார்கள். குடித்துக் கெட்டவன் என்று சொன்ன வாய்கள்தான். அவன் எல்லாருக்கும் பதில் சொல்கிறான்.

ஆறு மாதம் கழித்து டாக்டர் அனுமதி கொடுத்ததும் நான் மறுபடியும் மரக்கடை மாடிக்குப் போனேன். பதினோரு மணி இப்போது பெண்கள் நேரம் ஆகிவிட்டது. என்னைப் பார்த்து வந்தவர்கள், அவர்களைப் பார்த்து வந்தவர்கள் என்று பன்னிரண்டு பேர் இருக்கிறோம். பால்காரம்மா ஒருவர் இருக்கிறார், சத்துணவு சமைக்கிறவர் இருக்கிறார், பள்ளிக்கூட டீச்சர் இருக்கிறார். யாராவது ஒருத்தி சீக்கிரம் இளைக்க ஒரு பொடி இருக்கிறதாமே என்று ஆரம்பித்தால், நான் சட்டென்று கையை நீட்டி நிறுத்துவேன். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் நாலு நாள் கதையை ஒன்று விடாமல் சொல்வேன். அதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது, சொல்லாமல் விட்டதில்லை.

என் உடம்பு எனக்கு மட்டுமே சொந்தம், அதை எப்படி வைத்துக்கொண்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்று நாற்பத்தொரு வருடம் நினைத்திருந்தேன்; இன்றைக்கு ஒவ்வொரு தடவை இரும்பைத் தரையிலிருந்து தூக்கி நேராக நிற்கும்போதும், நம்மைச் சார்ந்தவர்களுக்கு என்றோ ஒரு நாள் தேவைப்படப் போகிற ஒன்றைத்தான் நாம் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்ற நினைப்பு எனக்குள் நிமிர்ந்து நிற்கிறது.